புத்தக அலமாரிக்கு வைத்த பொட்டு

என் தங்கை படித்த கல்லூரிக்குள் நான் முதல்முறையாகக் கால் வைத்தது அவள் செத்துப்போன பிறகுதான். அதுவரை வாசல் கேட்டோடு சரி. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையில் அவளையும் அவளோடு படிக்கிற பிள்ளைகளையும் கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். உள்ளே நடப்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

நைனா போனபோது நான் எட்டாவது. அதோடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு பக்கத்தின் கீழே வருவதற்குள் மேலே இருந்தது மறந்துவிடும். அவள் அப்படி இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே படிப்பாள்.

கல்லூரியில் தமிழ் மேடம் ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்திருந்தார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தது என் தங்கைதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தர் ஒரு கதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நல்ல இடம் வரும்போது டக்கென்று நிறுத்திவிட வேண்டும். மீதி வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம். பேர் எழுத வேண்டாம், கையெழுத்து வேண்டாம். இது அவள் கண்டுபிடித்த வழி.

எங்கே நிறுத்துவது என்பதை என்னை வைத்துத்தான் பார்ப்பாள். சாயங்காலம் நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து படிப்பாள். படித்துக்கொண்டே போய் நிறுத்திவிடுவாள்.

"அப்பொறம்?"

"அவ்ளோதான்ணா. மீதி புக்குல கீது."

"ஏய், சொல்லிட்டுப் போ. அந்தப் பொம்பள ரயில புடிச்சாளா இல்லியா?"

"நீ கேட்டுட்ட இல்ல, புக்கு பாஸு. நீ தூங்கிட்டா பெயிலு. நீயே தூங்கற புக்க எங்க பசங்க எவனும் தொடமாட்டான்."

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். இங்கே பார்த்துவிட்டு சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோனோம். திரும்பும்போது ஆம்புலன்ஸில் நானும் அம்மாவும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வந்தோம். இதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மேடமும் அவள் தோழிகளும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் வைத்திருந்த புத்தகங்களோடு தங்கள் புத்தகங்களையும் சேர்த்து, புங்கமரத்துக்கு எதிர் வராந்தாவில் ஓர் அலமாரி வைத்து, அதன் நடுவில் அவள் படத்தை மாட்டப்போவதாகச் சொன்னார்கள். அலமாரிக்குக் கதவு கிடையாது, பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். அம்மா வந்து விளக்கேற்ற வேண்டும் என்றார்கள். அம்மா போனாள். நான் போகவில்லை. மாலை போட்ட அவள் படத்தை நாலு பேர் நடுவில் நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். தங்கை போன பிறகு அம்மா அப்படிச் சாப்பிட்டதே இல்லை.

"காலேஜ்ல நிக்கறாடா. சிரிச்சிகினு நிக்கறா" என்றாள்.

அம்மா பூந்தோட்டத்தில் முல்லை பறிக்கிற வேலைக்குப் போகிறாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பூவெடுத்துக் கட்டிக்கொண்டு என் ஆட்டோவில் ஏறிவிடுவாள். கேட்டில் இறங்கி உள்ளே போவாள். படத்துக்குப் பூ, அலமாரிக்கு மஞ்சள், பொட்டு, ஊதுவத்தி. புத்தகங்களின் முதுகிலும் வரிசையாகக் குங்குமம் வைத்தாள். அம்மாவே சொல்லி எனக்குத் தெரியும். தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையை எண்ணித்தான் அவள் மற்ற நாளை ஓட்டினாள்.

பரீட்சை சமயம். ஒரு நாள் என் பின்சீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். முதல் வருஷம் போலிருக்கிறது, என்னை அவர்களுக்குத் தெரியாது.

"அக்காவாண்ட பேனாவ வெச்சியாடி?" என்றாள் ஒருத்தி.

"ஆங், வெச்சேன். ஆல்டிக்கெட்டயும் வெச்சு கும்புட்டேன். போன தபா வெக்காம போயிதான் அரியர் உழுந்துச்சு."

"படிக்காம போயி உழுந்துச்சு. அக்கா இன்னா பண்ணும்?"

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் முதல் பெண் கேட்டாள்: "அங்க ஒரு கதை புக்கு கீதுடி, பச்ச அட்ட. எடுத்துகினு வரலாமானு பாத்தேன்."

"அய்யய்ய, தொட்டு கிட்டு வெச்சிடாத. கண்ணாலம் ஆவாம செத்த பொண்ணு அது. பூ வெச்சு பொட்டு வெச்சு படையல் மாரி வெச்சிகினு கீறாங்க. அதுலேர்ந்து ஒண்ண தூக்கினு போயி ஊட்ல வெக்கறதா? எங்கம்மா வெளக்கமாத்தால அடிக்கும்."

"புக்குதானடி."

"நீ எடு. அது உங்க ஊட்டுக்கு வரட்டும்."

பொன்பாடி பக்கம் போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. நான் நடுரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணைக் கன்னிசாமியாகக் கும்பிடுவோம். அவளுக்குப் படைத்ததை வெளியாள் தொடமாட்டான். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான். வேறு யாரோ செத்திருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போனேன். வராந்தாவில் அலமாரி. நடுவில் அவள். படத்துக்கு முன்னால் பேனாக்கள், காய்ந்த பூ, ஊதுவத்திச் சாம்பல். புத்தகங்கள் வைத்தது வைத்தபடி அடுக்காக இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை. இரண்டு புத்தகத்தைப் பொட்டு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது.

தமிழ் மேடம் வந்தார். நான் யார் என்று சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரும் எடுக்கலீங்களா மேடம்?"

"ஒருத்தரும் எடுக்கல தம்பி. வட்டத்துக்கு வர்ற பசங்ககூட இங்க நின்னு படிக்கத் தயங்குறாங்க. லீவுக்கு அப்புறம் இதை ஆபீஸ் கண்ணாடி பீரோவுக்கு மாத்திடலாம்னு சொல்றாங்க. அங்க போச்சுன்னா அவ்வளவுதான்."

"படத்த எடுத்துட்டா?"

மேடம் காய்ந்த பூவைக் கையால் ஒதுக்கினார். "படத்தை மாட்டினது நாங்கதான். அது தப்புன்னு இப்ப தெரியுது. ஆனா உங்கம்மா கிட்ட எந்த வாயால சொல்வேன்?"

நான் சொன்னேன். அன்று ராத்திரி அம்மா சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்.

"எடுத்துட்டு?" என்றாள் அம்மா.

"ஊட்ல மாட்டிக்கலாம்மா."

"ஊட்ல அவ செத்துப் போயிட்டாடா. அங்கதான் கீறா. பசங்க வந்து கும்புட்டுகினு போறாங்க. சாமி மாரி வெச்சிகினு கீறாங்க."

"அவ சாமியா இருக்கணும்னு கேட்டாளாம்மா? புக்க எடுத்துகினு போங்கன்னுதான கெஞ்சிகினு இருந்தா? உன் குங்குமத்துக்குப் பயந்துகினு ஒருத்தரும் தொடமாட்டேன்றாங்க."

குங்குமத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உன் இஷ்டம். நான் பெத்தேன், நீ எடு" என்றாள்.

லீவுக்கு முன்னாலேயே போய் எடுத்தேன். அவளுடைய தோழி ஒருத்தி ஈரத்துணியால் புத்தகங்களைத் துடைத்தாள். சிலதில் போகவில்லை, சிவப்பாக நின்றுவிட்டது. படத்தைத் துண்டில் சுற்றி பின்சீட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் கை காட்டியவர்களை ஏற்றவில்லை.

அடுத்த புதன்கிழமை மேடம் புங்கமரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டினார். நான் வராந்தாத் தூணை ஒட்டி நின்று கேட்டேன். புத்தகம் துடைத்த அந்தத் தோழி படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கே தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்த இடத்தில் என் தங்கை இல்லாதது, படத்தை எடுத்தபோது தெரிந்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. தூணுக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஆனாலும் கூட்டம் கலைந்தபோது அலமாரியில் இரண்டு இடம் காலியாக இருந்தது. யார் எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை பூவைக் கட்டி, வீட்டில் மாட்டிய படத்துக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். என் ஆட்டோவில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் நானாகச் சொன்னேன். "ரெண்டு புக்கு எடுத்துகினு போயிருக்காங்கம்மா."

அம்மா திரும்பவில்லை. அப்படியே கேட்டாள்: "திருப்பிக் கொண்டாந்து வெச்சிடுவாங்களா?"

"தெரில."

"வெக்கலனா?"

"வெக்கலனா போவட்டும். படிக்கத்தான் எடுத்துகினு போனாங்க."

"அதுல அவ கை பட்டது எதுடா?"

எது அவள் புத்தகம், எது மற்றவர்கள் கொடுத்தது என்று நான் பார்த்து வைக்கவே இல்லை.

"தூக்கிக் குடுக்கறது உனுக்கு சுளுவா கீது" என்றாள் அம்மா.