கால்வாயில் நின்ற கொக்கு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் என் வீட்டுக்கு எதிரே ஒரு கால்வாய் ஓடுகிறது. மலையில் பெய்கிற மழை அதன் வழியாகத்தான் ஏரிக்குப் போகும். மழையில்லாத மாதங்களில், பௌர்ணமிக்கு மறுநாள், அதில் செருப்பும் தண்ணீர் பாட்டிலும்தான் கிடக்கும். ஓவிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின் தனியாக இங்கே குடிவந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை, நல்ல கதையும் இல்லை. நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல், கை சும்மா இருக்கவும் மாட்டாமல், கால்வாயில் இறங்கிக் குப்பை பொறுக்க ஆரம்பித்தேன்.

பொறுக்கியதை வைத்து ஓர் ஆள் உயரத்துக்குக் கொக்கு செய்தேன். நசுங்கிய அலுமினியக் குடம் உடம்பு, அடிபம்பின் கைப்பிடி கழுத்து. உடைந்த குடைகளின் கம்பிகளை விசிறிபோல விரித்து, கிரிவலம் வந்தவர்கள் விட்டுப்போன செருப்புகளை இறகு இறகாக நறுக்கிச் சிறகு கட்டினேன். வெல்டிங் கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், கோழியா?" என்றார்.

கால்வாயின் நடுவில் அதை நிறுத்திவிட்டு, கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாராவது நின்று இது என்ன என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று ஆசை. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த பௌர்ணமியில் யாரோ குடத்தில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். விரிந்த சிறகு சாமிக்குப் பின்னால் இருக்கும் திருவாசி மாதிரி தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மஞ்சள் துணி ஏறியது. இரண்டே மாதத்தில் ஓடையம்மன் என்று பெயரும் வந்தது. பிறகு காலடியில் செங்கல் அடுக்கி, கால்வாயில் முக்கால்வாசிக்கு மேடை கட்டிவிட்டார்கள்.

அது கொக்கு, சிறகு முழுக்கச் செருப்பு என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் ஜன்னலுக்கு வெளியே மணிச் சத்தமும் பேச்சுக் குரலும் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே போய் நிற்பேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர், கற்பூரம் காட்டணும்" என்பார்கள். தள்ளி நிற்பேன்.

தினமும் தவறாமல் வந்தவள், எதிர்க்கரையில் பள்ளமான இடத்தில் வீடு இருந்த ஒரு பெண். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் எலுமிச்சை ஜூஸ் விற்பவள்.

ஐப்பசி மழையில் கால்வாய் நிரம்பி வந்தது. மேடையில் முட்டிய தண்ணீர் திரும்பி அவள் வீட்டுக்குள் போய் முழங்கால் அளவு நின்றது. மேடையை உடைக்க வேண்டும், கொக்கை எடுக்க வேண்டும். ஆனால் தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை. அம்மன் உத்தரவு இல்லாமல் எப்படி? பூ கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. வாழையிலையில் இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கைவைக்கக் கூடாது. நான் செய்த கொக்கிடமே நான் உத்தரவு கேட்டு நின்றேன். கேட்டால் சிரிப்புதான் வரும், அன்று வரவில்லை.

பொட்டலத்தை அந்தப் பெண்தான் எடுத்துப் பிரித்தாள். பக்கத்தில் நின்றதால் நான் பார்த்துவிட்டேன். சிவப்பு. அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போகாமல் என்னுடனே இருக்கிறேன் என்று அது சொன்ன மாதிரி.

அவள் பூவைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "வெள்ளதாங்க வந்துக்குது. எடுத்துடலாம்" என்றாள். மூடிய கையைத் திறந்து காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

ஆண்கள் கடப்பாறையோடு இறங்கினார்கள். கொக்கை மட்டும் நானே கம்பி கம்பியாகக் கழற்றினேன். தண்ணீர் ஒரே இழுப்பாக ஏரிப் பக்கம் ஓடியது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் என் கேட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"டீச்சர், நீங்க பாத்துட்டீங்கன்னு தெரியும். அம்மாவுக்கு எம்மேல கோவம் இருக்குமா?"

அது வெறும் குடம், செருப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "இருக்காதும்மா. அம்மாவைச் செஞ்சவளுக்குத் தெரியாதா?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். என்னைத் தேடி என் வாசலுக்கு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. டீ குடிச்சிட்டுப் போம்மா என்று சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. அவள் போய்விட்டாள், அதற்கப்புறம் வரவும் இல்லை.

அவள் வீட்டில் முழங்கால் தண்ணீர் நின்றபோது சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான். என்மேல் கோபம் இருக்குமா என்று நான்தான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.