குறுகிய சுருள்

இஸ்திரிப் பெட்டியின் வயர் கருகிய வாடையில் சுவிட்சை அணைத்தேன். மனமோ திருவொற்றியூர் வீட்டின் மின்னடுப்பில் போய் நின்றது.

அதன் கம்பிச்சுருள் அறுந்தபோதெல்லாம் அம்மா கருகிய துண்டை வெட்டியெறிந்து, மிச்சத்தை முறுக்கி இணைப்பாள். சுருள் குறுகக் குறுக உலை விரைந்து கொதித்தது.

“இன்னாய்யா, என் ரிப்பேரு எப்டி கீது?”

“உன்னிய கரண்டாபீஸ்ல குந்த வைக்கணும்மே” என்று அப்பா சிரித்தார்.

ஒரு மாலை, மிகுந்து பாய்ந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் சுவரோரத்து மெல்லிய வயர் தீப்பற்றியது. அம்மா அடுப்படியிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை.

மறு ஆண்டு வகுப்பில், மின்னழுத்தம் மாறாமல் மின்தடை பாதியானால் மின்னோட்டமும் திறனும் என்னவாகும் என்று ஆசிரியர் கேட்டார். இரு மடங்காகும் என்றேன்.

“கணக்கு போடாமலே எப்படிடா சொன்ன?”

“எங்கம்மா அடுப்புல பாத்துக்கீறேன் சார்.”