கொலுப்படியில் ஒரு முகமூடிக்காரன்

இருபத்தாறு வயதில் நான் பொம்மை சேர்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை என்று அப்போது எல்லோரிடமும் அடித்துச் சொல்வேன். முகமூடி போட்டு, அங்கி கட்டி, உலகத்தைக் காப்பாற்றுகிற சாகச வீரர்களின் பொம்மைகள். வெளிநாட்டுக்கு வேலையாகப் போகிற ஆபீஸ் நண்பர்களைக் கெஞ்சி வாங்கிவரச் சொல்வேன். வந்த பெட்டியைப் பிரிக்கவே மாட்டேன். பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்பது இந்தக் கிறுக்கின் முதல் விதி. முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், உள்ளே வீரன், மூடியின் மேல் கம்பெனி ஒட்டிய டேப். அந்த டேப் கிழிந்தால் எல்லாம் போச்சு.

இந்தப் பைத்தியம் தொண்ணூறுகளில், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பிடித்துவிட்டது. வாரம் ஒரு நாள் தொலைக்காட்சியில் சாகச வீரன் வருகிற அரை மணி நேரம் புனேயில் எங்கள் நிக்டி காலனியில் தெருவில் ஆள் இருக்காது. மற்ற பையன்கள் எல்லாம் வளர்ந்து, மீசை வைத்து, ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைப் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன், அலமாரியில் சட்டைக்குப் பதிலாகப் பெட்டிகளை அடுக்கினேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா சாகணில் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அம்மா கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள், ஆனால் எங்கள் மூவரில் சரளமாக மராத்தி பேசுகிறவள் அவள்தான். அதையும் திருநெல்வேலி ராகத்தில்தான் பேசுவாள்.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு வாரத்தைப் பற்றி. இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, புனேயில் என்னைப் போன்ற கிறுக்கர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து முதல் ரசிகர் மாநாடு நடத்துவதாக ஏற்பாடு. வேஷப் போட்டி உண்டு, படக்கதைப் புத்தகங்களை மாற்றிக்கொள்ள இடம் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், மண்டபத்தின் நடுவில் ஒரு மேஜை. பிரிக்காத பெட்டிகளுக்கு மட்டுமான மேஜை. அதில் நட்டநடு இடம் எனக்கு. என்னிடம் இருந்த கறுப்பு அங்கி, சிவப்பு முகமூடிக்காரன் ஊரில் வேறு யாரிடமும் இல்லை. எட்டு மாதமாக அதைச் சொல்லிச் சொல்லியே குழுவில் பெரிய மனிதன் ஆகியிருந்தேன். பள்ளியில் என்னை மதராஸி என்றுதான் கூப்பிட்டார்கள், ஆபீஸில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தேன். அந்த ஒரு மேஜையில்தான் நான் யாரோ ஒருவனாக இருக்கப்போகிறேன் என்று மனசார நம்பினேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது.

அதே வாரம் நவராத்திரி. அம்மா அமாவாசையன்றே ஐந்து படி கட்டிக் கொலு வைத்துவிட்டாள். கொலுவுக்கு வருஷா வருஷம் ஒரு பொம்மையாவது புதிதாக இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாள். அந்த வருஷம் அப்பாவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்ததால் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. புதுப் பொம்மைக்கு என்ன செய்வாள் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அதுவா கவலை?

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்தேன். கூடத்தில் நாங்கள் காக்கூ என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மராத்திக்கார அத்தையும் இன்னும் நாலு பெண்களும் மஞ்சள் குங்குமத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ப் படியில், மளிகைக் கடை வைத்திருக்கும் செட்டியார் தம்பதிக்குப் பக்கத்தில், என் முகமூடிக்காரன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, இது என்ன?"

"புதுப் பொம்மை வேணும்லா? ஊருக்குத்தான் போகலையே. இவன் அழகா இருந்தான்." அம்மாவின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "எட்டு மாசமா பெட்டிக்குள்ளயே கெடக்கான், பாவம், மூச்சு முட்டாதா? டேப்ப பிளேடு வச்சு பைய கீறித்தான் எடுத்தேன். பெட்டி பத்திரமா இருக்கு. என் மவன் பொம்மைன்னு இவங்ககிட்ட சொல்லிட்டு இருந்தேன்."

எனக்குச் சந்தோஷம் தருவதாக நினைத்துத்தான் அவள் அதைச் செய்திருக்கிறாள். அது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கத்தினேன்.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு பொருளோட மதிப்பு தெரியுமா? என்னைக்காவது எதையாவது கேட்டுட்டு செஞ்சிருக்கியா?"

தமிழில்தான் கத்தினேன். ஆனால் கத்துவதற்கு மொழி எதற்கு? வந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காக்கூ மட்டும் "அஸூ தே, அஸூ தே" என்று, போகட்டும் விடு என்பது போலக் கையை ஆட்டினாள். நான் நேராகப் போய்ப் படியிலிருந்து பொம்மையைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் செட்டியாரம்மா சரிந்து விழுந்தாள். அம்மா அவளை நிமிர்த்தி வைத்தாள். "வச்சத நடுவுல எடுக்கக் கூடாதுப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்த இடத்தில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கை வைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சுண்டல் கொண்டுவர உள்ளே போனாள்.

அடுத்த ஐந்து நாள் அவளுடன் நான் பேசவில்லை. சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. தினமும் ஒரு சுண்டல், எல்லாவற்றையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தின்றேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு என் சாகசத் தொடர் வரும். தொலைக்காட்சி கொலுவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வழக்கமாக நவராத்திரியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். அந்த வாரம் வேண்டுமென்றே கூட்டி வைத்தேன். ஒரு பக்கம் எரிகிற பஸ்ஸிலிருந்து வீரன் ஜனங்களைத் தூக்கிக் காப்பாற்றுவான், இன்னொரு பக்கம் பெண்கள் பாட முடியாமல் பாட்டை நடுவில் நிறுத்துவார்கள். அம்மா ஒருநாளும் சத்தத்தைக் குறை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பொம்மையைப் பழையபடி பெட்டிக்குள் கட்டினேன். அம்மா கீறிய கீறல் அத்தனை நேர்த்தியாக இருந்தது. மெல்லிய குச்சியில் பசையைத் தொட்டு டேப்பை ஒட்டினேன். உற்றுப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் இதைவிடக் கேவலமான வேலை வேறு கிடையாது. திருடினால்கூட மன்னிப்பார்கள், ஒட்டியதைப் பிரிக்காதது என்று சொன்னால் மன்னிக்க மாட்டார்கள். அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னல செய்யுத?"

"ஒட்டுதேன்."

"கீறுனத ஒட்டுனா கீறுனதுதானல. எங்க கம்பெனில இத ரிஜெக்ட்டுன்னு தனியா தூக்கி வச்சிருவோம்."

"இது உங்க கம்பெனி இல்லப்பா."

மறுநாள் காலையில், பஸ் கூட்டத்தில் பெட்டி நசுங்கிவிடும் என்று அவரே ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நிக்டியிலிருந்து ஊருக்குள் போகும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். மண்டப வாசலில், நீங்கள் வெளியே இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அந்த ஒன்றை மட்டும் எப்படியோ விழுங்கிவிட்டேன்.

மண்டபத்தில் கல்யாண வீடு போலவே கலகலப்பு. மணமேடையில் போர்வையைத் தோளில் கட்டிக்கொண்ட ஒரு பையன் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். நடு மேஜைக்குப் பொறுப்பாளர் ஒரு பல் டாக்டர், மராத்திக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். வருகிற ஒவ்வொரு பெட்டியையும் கையுறை போட்டு வாங்கி, தொழிலுக்கு வைத்திருக்கிற சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்துத்தான் மேஜையில் வைப்பார். என் பெட்டியைப் பார்த்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். டேப்பின் மேல் டார்ச் அடித்தார். வெளிச்சத்தை மெல்ல நகர்த்தினார். தலையாட்டினார். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

அப்புறம் ஆசையாக, சும்மா பொம்மையின் அழகைப் பார்ப்பதற்காக, முகத்தின் மேல் வெளிச்சத்தைத் திருப்பினார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் குனிந்தார்.

"இவன் நெற்றியில் குங்குமம் இருக்கிறதே!" என்றார் மராத்தியில்.

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அம்மா சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துத்தான் உள்ளே சேர்ப்பாள். ஃப்ரிட்ஜுக்கு வைத்தாள், ஸ்கூட்டருக்கு வைத்தாள், என் முதல் கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். முகமூடிக்காரனைப் படியில் ஏற்றுவதற்கு முன்பும் வைத்திருக்கிறாள். சிவப்பு முகமூடியின் மேல் சிவப்புக் குங்குமம் என் கண்ணில் படவில்லை. காய்ந்த சந்தனம் டார்ச் வெளிச்சத்தில் மஞ்சளாகப் பல்லைக் காட்டியது.

டாக்டர் சிரிக்காமல், ஆனால் கோபமும் இல்லாமல், என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார்: "யார் திறந்தது?"

அம்மா என்று சொல்லியிருக்கலாம். அங்கே நின்ற ஒவ்வொருவன் வீட்டிலும் மஞ்சள் குங்குமம் வைக்கிற ஒரு தாய் உண்டு. சிரித்து முதுகில் தட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில், பொம்மைக்குப் பொட்டு வைக்கிற ஒருத்தியின் பிள்ளையாக அந்த மேஜை முன்னால் நிற்க மனம் வரவில்லை.

"காம்வாலி பாயி" என்றேன். வீட்டு வேலைக்கு வருகிறவள் என்று அர்த்தம். அது போதாதென்று, "படிக்காதவள், அவளுக்கு என்ன தெரியும்" என்றும் இந்தியில் சேர்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வைத்ததே கிடையாது. பாத்திரம் தேய்த்து, என் சட்டை துவைத்து, எல்லாம் அம்மா ஒருத்திதான்.

பின்னால் ஹெல்மெட்டின் வார் மேஜைக் காலில் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அப்பா இரண்டடி தள்ளி, என் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இருபத்தெட்டு வருஷம் புனே தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு இந்தி தெரியாது என்று சொல்லி நான் என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது. டாக்டர் அவருக்கு வணக்கம் சொன்னார். அப்பாவும் பதில் வணக்கம் சொன்னார். பிறகு பாட்டிலை என்னிடம் கொடுத்தார்.

பிரித்த பெட்டிகளுக்கு ஓரத்தில் இன்னொரு மேஜை இருந்தது, அதில் வைக்கலாமே என்றார் டாக்டர். வேண்டாம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பி வரும்போதும் அப்பா பள்ளத்துக்குப் பள்ளம் மெதுவாகத்தான் ஓட்டினார். திட்டுவார், திட்டிவிட்டால் நல்லது என்று வழியெல்லாம் எதிர்பார்த்தேன்.

வீட்டில் காக்கூவும் இன்னும் மூன்று பெண்களும் கொலு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நாள் நான் பேசாமல் இருந்ததை மறந்தவள் போல அம்மா வாசலுக்கே வந்தாள்.

"நல்லா நடந்துச்சா? எல்லாரும் பாத்தாவளா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொட்ட அழிக்கச் சொல்ல மறந்துட்டேன். நேத்துல இருந்து அதே நெனப்பு. உன்னைய யாரும் கேலி பண்ணலையே?" என்றாள்.

அப்பாதான் பதில் சொன்னார்.

"பாத்தாவ. யாரு வச்சதுன்னு கேட்டாவ."

"அய்யோ, கேட்டாவளா?" அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொன்ன?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எங்க அம்மா வச்சதுன்னு சொன்னேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா ஹெல்மெட்டை ஆணியில் மாட்டப் போவது போல உள்ளே போய்விட்டார். அவர் போனதை அவள் கவனிக்கவில்லை. கூடத்துக்குத் திரும்பி, பெரிய பெரிய ஆட்கள் கூடியிருந்த இடத்தில் என் மகன் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான் என்று தன் திருநெல்வேலி மராத்தியில் காக்கூவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவளிடமும் சொன்னாள். அன்று சாயங்காலம் முழுக்க, வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லும்போதெல்லாம் என் பக்கம் கையைக் காட்டினாள். சுண்டல் தட்டுடன் நின்றிருந்த நான், ஒவ்வொரு தடவையும், ஆமாம் என்று தலையாட்டினேன்.