ஈர மணலில் பத்தொன்பது நாள்

தோணிரேவு என்ற கரையூரை விட்டுப் பழவேற்காட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். நடந்தேன் என்பது பெரிய வார்த்தை. ஒரு கையில் கம்பு, மறு கை இடுப்பில், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு. பத்தொன்பது நாள் சோறு போட்ட ஓடாவியிடம் (படகு கட்டும் தச்சர்) சொல்லாமலே கிளம்பியிருந்தேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் (டச்சு வணிகரின்) துணிப்பொதிகளைப் படகில் ஏற்றுவது என் பிழைப்பு. ஒருநாள் கால்கள் ஏரிச்சேற்றில் புதைந்திருக்க, பொதியோடு இடுப்பை மட்டும் திருப்பினேன். வலி பிட்டத்தில் பிடித்துக் கால் பெருவிரல்வரை ஓடியது.

ஓடாவி நல்லவர். கோணிய பலகையை ஈர மணலில் கிடத்திக் கல் ஏற்றி நிமிர்த்துகிறவர். எனக்கும் அதையே செய்தார். கல்லுக்குப் பதில் மணல்மூட்டை.

"மரமே நிமிருது, நீ நிமிர மாட்டியா? அசையாம கெட."

கிடந்தேன். வலி குறைந்தது போலிருந்தது. எழுந்தால் தொடை நடுங்கியது. தும்மவும் பயந்தேன். சுமக்க முடியாதவனுக்கு இந்தக் கரையில் சோறில்லை என்பது அதைவிடப் பெரிய பயம்.

பழவேற்காடு சேர்ந்து, அங்குள்ள ஹக்கீமிடம் (யுனானி வைத்தியர்) மணலில் பலகைபோல் கிடந்த கதையைச் சொன்னேன். அவர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே தூக்கினார். பாதத்தில் இறகால் தடவினார்.

"தெரியுதா?"

"தெரியுது சாயபு."

"ஒண்ணுக்கு தடையில்லாம போவுதா?"

"போவுது."

"அது நின்னாலோ, பாதம் மரத்துப்போனாலோ அன்னிக்கே ஓடியா. இது இர்குன்னசா (இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் நரம்பு வலி). உன்னக் கெடுத்தது அந்தப் படுக்கை. எழுந்து நட."

"வலிக்குதே."

"வலிக்கிற எடமெல்லாம் உடையுதுன்னு எவன் சொன்னான்? நீ இன்னா பலகையா?"

பள்ளிவாசல் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கரையில் நடந்தேன். வலை உலர்த்த நட்டிருந்த கம்புகளை எண்ணி, நாளுக்கு ஒரு கம்பு தூரம் கூட்டினேன். சில நாள் வலி மிஞ்சி, பாதியில் திரும்பினேன். இதே வலி வந்தால், அப்படித் திரும்புகிற நாட்கள் உங்களுக்கும் வரும். மறுநாள் கொஞ்சமாவது நடங்கள்.

ஒரு மாதம் போனது. ஒரு மாலை, ஏரியில் கையால் இறால் தடவும் பெண்களிடம் வேலை கேட்டேன். பறியை (ஓலைக்கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் மண்டியிட்டு நகர்வார்கள். ஆண்கள் தொடாத வேலை.

"இன்னாய்யா, இவ்ளோ மீசைய வச்சிக்கினு பறி கடிக்க வரியா?" என்றாள் அவர்களில் மூத்தவளான அங்கம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"மூட்ட தூக்க முடியலக்கா."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப வா. தண்ணிக்குள்ள யார் இடுப்பும் கனக்காது. மீசையில மாட்டுற இறாலு மட்டும் எங்களுது."

மறுநாள் விடிந்ததும் பறியைக் கடித்தபடி இறங்கினேன். என் பாரத்தில் பாதியை ஏரி வாங்கிக்கொண்டது. முன்பெல்லாம் வேலை முடிந்தால்தான் நிமிர்வேன். அன்று இடுப்பு இறுகத் தொடங்கியதுமே எழுந்து நின்றேன். பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். வலி இருந்தது. மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டு, மறுபடி மண்டியிட்டுச் சேற்றைத் தடவினேன். விரலடியில் ஒன்று துள்ளியது.