மெதுவாகப் போகட்டும் கப்பல்

மார்ச் மாதம் பிறந்தால் நியூ ஜெர்சியில் எங்கள் உயர்நிலைப் பள்ளிச் சுவர்களில் பச்சைக் காகிதத்தில் வெட்டிய மூவிலைகள் முளைத்துவிடும். ஐரிஷ்காரர்களின் செயின்ட் பாட்ரிக் திருநாளுக்கான அலங்காரம் அது. ஆரம்பப் பள்ளியில் ஐரிஷ் கதைகளில் வரும், பச்சைத் தொப்பி போட்ட குள்ளர்களின் படங்களுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் அந்த விளையாட்டெல்லாம் கிடையாது. பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறியவர்களைப் பற்றிய ஒரு கட்டுரையை எங்கள் ஆங்கில ஆசிரியை வாசிக்கக் கொடுத்தார். அவருடைய முன்னோர்களும் அப்படி வந்தவர்கள்தான். அமெரிக்காவுக்குப் போகிறவன் திரும்பி வரப்போவதில்லை என்பதால், புறப்படும் முன்பே ஊர் கூடி, உயிரோடிருப்பவனுக்கே இழவு வீடு போல இரவெல்லாம் விழித்திருந்து அழுவார்களாம். அந்தக் குடும்பத்தில் ஒருவராக உங்களை நினைத்து ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார். நன்றாக எழுதியவர்கள் திருநாளன்று பெற்றோர் முன்னிலையில் வாசிக்க வேண்டும்.

எனக்குப் பக்கத்து மேசையில் அண்ணா இருந்தார். பெரியம்மாவின் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவர். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் பையன்களை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, பெரியம்மா அவரை பிளெய்ன்ஸ்பரோவில் இருந்த எங்கள் அபார்ட்மெண்டுக்கு அனுப்பிவைத்தார். பெரியப்பா முன்பே இறந்துவிட்டார். வேறு பிள்ளைகளும் இல்லை. வகுப்பில் அண்ணா வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் அவருக்கும் என் அம்மாவுக்கும் ஓயாத சண்டை. குளிரில் ஜாக்கெட் போடாமல் போவார், சாப்பாட்டைப் பாதியில் வைப்பார். "கொம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" என்று தன் அக்காவை இழுத்து அம்மா ஏசுவார். அண்ணா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் எழுதியதைத் திருநாளன்று பள்ளி நூலகத்தில் வாசித்தார். அப்பா அரை நாள் லீவு போட்டு, அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். தலையைத் தூக்காமல், யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் அண்ணா வாசித்தார். அதில் வரும் தாய் அழவில்லை. மகனின் சட்டையில் தளர்ந்திருந்த பொத்தான்களை எல்லாம் இறுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். மகன் கப்பலேறினான். கடலின் நடுவில் எந்தச் செய்தியும் வராது. கடலில் இருக்கும்வரை அவனுக்கு அம்மா உண்டு. கரையில் யாராவது செய்தியோடு காத்திருப்பார்கள், அதனால் கப்பல் மெதுவாகப் போகட்டும் என்று அந்தக் கதை முடிந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். என் அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கதை மனதைத் தொட்டுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். அப்பா, "தம்பி, இப்பிடி இரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அண்ணா உட்காரவில்லை. "அம்மா செத்துப்போயிட்டா, அப்பிடித்தானே சித்தப்பா?" என்றார்.

ஜனவரியில் வீட்டின் மேல் ஷெல் விழுந்து பெரியம்மா இறந்திருக்கிறார். லண்டனில் இருந்த மாமா போனில் சொன்னாராம். பையன் பரீட்சையை முடிக்கட்டும் என்று அம்மாவும் அப்பாவும் மறைத்துவிட்டார்கள்.

"ஆர் உனக்குச் சொன்னது?" என்று அம்மா கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்ல, சின்னம்மா. ஜனவரிக்குப் பிறகு நீங்கள் என்னை ஒருநாளும் ஏசேல்ல. ஜாக்கெட் போடாமப் போனாலும் பேசாம இருந்தீங்கள்."

"பிறகேன் ராசா கேக்கேல்ல?"

"கேட்டால் சொல்லிப்போடுவீங்கள்."

அம்மா அவரைக் கட்டிக்கொண்டு கதறினார். அண்ணா மரம் மாதிரி நின்றார். ஊரில் கொள்ளி வைத்தது யாரென்றுகூட எங்களில் எவருக்கும் தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் கடமைகளும் கடந்துபோய்விட்டிருந்தன. அந்த வார இறுதியில் அப்பா அவரைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். ஐயரும் இல்லை, அஸ்தியும் இல்லை. குளிர்ந்த அட்லாண்டிக்கில் முழங்கால் அளவு தண்ணீரில் அண்ணா நின்றுவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

அம்மா அதன் பிறகும் அவரை ஏசவில்லை. வீட்டின் அந்தச் சத்தம் போனது போனதுதான். மறைத்ததற்கு அண்ணா கோபித்திருந்தால் அம்மா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அண்ணா கோபிக்கவே இல்லை. படித்து முடித்து டெக்சாஸில் வேலை கிடைத்ததும் போய்விட்டார். ஞாயிறு தவறாமல் போன் செய்வார். ஊருக்கு ஒருமுறையும் போகவில்லை.

போன குளிர்காலத்தில் மருத்துவமனையில் அம்மா இறந்தபோது டெக்சாஸில் மாலை நேரம். என் கணவர் சென்னைக்காரர், நல்ல மனிதர். "அண்ணா இப்ப ஆபீஸ்லேர்ந்து பேர்லேண்டுல இருக்குற வீட்டுக்கு டிரைவ் பண்ணிட்டு இருப்பார். வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் சொல்லலாமே?" என்றார். நான் கேட்கவில்லை. போனை எடுத்தேன்.

"அண்ணா, காரை ஓரமா நிப்பாட்டுங்கோ."

இண்டிகேட்டர் அடிக்கும் சத்தம் கேட்டது. ஃப்ரீவேயில் லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"நிப்பாட்டிட்டன். சொல்லு."

"அம்மா போயிட்டா."

"எப்ப?"

"இப்பதான். நான் இன்னும் அவவின்ர கையைப் பிடிச்சபடிதான் நிக்கிறன்."

"இப்பதானா?" என்று கேட்டார். பிறகு, அவரிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். அண்ணா வாய்விட்டு அழுதார். அழுது முடியும்வரை நான் போனை வைக்கவில்லை.