கரைக்கு வெளியே ஓடிய எழுத்து

சந்தேகப்படுவது என் தொழிலில் பாதி. பெங்களூர் மர்பி டவுனில் கேபிள் வேலை பார்க்கிறேன். படம் வரவில்லை என்று யாராவது போன் செய்தால், முதலில் அந்த வீட்டில் சுவிட்ச் போட்டிருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். அப்புறம் ஒயரை எலி கடித்ததா, மாடி வீட்டுக்காரர் நடுவில் பிரித்து எடுத்துக்கொண்டாரா என்று. பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பேச்சும் சரியாக வராது. வீடுகளுக்குப் போனால் டிவியின் முதுகைப் பார்த்தபடியே வேலையை முடித்துவிட்டு இறங்கிவிடுவேன். அந்த வீட்டு மனிதர்களின் முகம்கூட எனக்கு நினைவிருக்காது.

எங்கள் பின்தெருவில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சாஃப்ட்வேர்காரர் குடிவந்தார். தனி ஆள். இன்டர்நெட் லைன் இழுக்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை.

"அண்ணா, பழைய டியூப் டிவி எங்கயாவது கிடைக்குமா?"

"சுவர் அகலத்துக்கு எல்இடி மாட்டியிருக்கீங்களே சார்."

"அதுல இது சரியா தெரியாதுண்ணா."

எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் சொன்னதும் என் மனைவி, "நம்ம பழைய டியூப் டிவியத் தூக்கிக் குடுங்க. புண்ணியமாப் போகும், பீரோவ நகத்திக்கலாம்" என்றாள். காசு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வந்து பார்க்கும்படி அவரே கூப்பிட்டார்.

டிவி முன்னால் தடியான ஒரு கீபோர்டு இருந்தது. பழுப்பேறிய நிறம். கம்ப்யூட்டர் எங்கே என்று தேடினேன். அந்தக் கீபோர்டுதான் கம்ப்யூட்டராம். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது வெளிநாட்டில் வீட்டுக்கு வீடு வாங்கியது. அதிலிருந்து ஒரு ஒயர் டிவிக்குப் போனது. இன்னொரு ஒயர் ஒரு குட்டி டப்பாவுக்குப் போனது. டப்பாவில் மெமரி கார்டு செருகியிருந்தது. அந்தக் கார்டை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அவர் ஏதோ தட்டினார். நீலத்திரை வந்து, கொஞ்ச நேரம் சும்மா நின்று, பிறகு ஆரம்பித்தது. வெந்நீரில் எண்ணெய் விட்டதுபோல நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து பிரிந்தன. நடுவில் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்று சுழன்றது. கீழே ஆங்கில எழுத்துகள் பாம்பு போல வளைந்து ஓடின. பாட்டு என்றால் மூன்றே குரல்தான், ஆனால் ஒரு குரல் இருந்த இடத்திலேயே சட்டென்று வேறு வாத்தியமாக மாறி, பத்துப் பேர் வாசிப்பதுபோலக் கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்து, கச்சேரி கேட்கிறவர் மாதிரி தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். "இங்க பாருங்கண்ணா, இப்ப வரும், இந்த இடம்" என்பார். ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குப் பின்னால் போகும். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இதன் பெயர் டெமோ, இது வீடியோ இல்லை, மெஷினே அந்தந்த நிமிஷம் வரைவது என்றார். இதைச் செய்தவர்கள் அப்போது பள்ளிக்கூடப் பையன்கள், காலேஜ் பையன்கள். விற்பதற்குச் செய்யவில்லை. ஒரு கோஷ்டி செய்ததை இன்னொரு கோஷ்டி பார்த்து வயிறெரிய வேண்டும், அவ்வளவுதான். ஓடுகிற எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கூட்டாளிகளுக்கு வணக்கம், எதிராளிகளுக்குக் கிண்டல் என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காசு இல்லாமல் இவ்வளவு வேலை யார் செய்வார்கள்? எங்கள் லோக்கல் சேனலில் கீழே ஓடுகிற எழுத்து ஒவ்வொன்றும் நகைக்கடை விளம்பரம், இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். டீ கொடுப்பார். என்னைப் பேசச் சொல்லமாட்டார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. ஒரு டெமோவில் கறுப்பு வானத்தில் புள்ளிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும், வேறு எதுவும் இல்லை. அதை மட்டும் மறுபடி போடச் சொல்லி நானாகவே கேட்டிருக்கிறேன்.

பக்கத்து அல்சூரில் கோயில் பூப்பல்லக்குகள் வருகிற சமயம். அன்றைக்கு எங்கள் சேனலில் பல்லக்கு நேரலை உண்டு. ஒரு பல்லக்குக்கும் அடுத்த பல்லக்குக்கும் நடுவில் காலி நேரம் நிறைய வரும்.

"அண்ணா, அந்த கேப்புல இத ஓட்டலாமா? மெஷினையே உங்க கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுவந்துடறேன். எல்லாரும் பாக்கட்டும். உங்க ஓனர்கிட்ட நீங்க சொல்லுங்களேன்."

முதலாளி எங்கள் தெருக்காரர்தான், பழைய பெங்களூர்த் தமிழர். பேச்சில் கன்னடம் கலக்கும், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். நான் போய்ச் சொன்னதும் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"ஏன்பா, பக்கத்து ஏரியா ஆபரேட்டர் புதுப் படம் ஓட்டினான். என்னாச்சு, கொத்துதானே, தெரியும்ல? போலீஸ் வந்து மெஷினெல்லாம் வாரிக்கினு போச்சு. இது எவனோடதாச்சும் ரெக்கார்டிங்னா?"

"மெஷினே வரையுதுன்னு சொல்றார் சார்."

"அவர் சொல்றது இருக்கட்டும் குரு. நீ பாத்துச் சொல்லு. ரெக்கார்டிங் இல்லன்னு நீ சொன்னா ஓட்டலாம். அப்பறம் கேஸுன்னு வந்தா, உன் வேலை மட்டும் இல்ல, என் சேனலும் போயிடும்."

அதிலிருந்து என்னால் அந்த டெமோக்களை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். மெமரி கார்டு இருக்கிறது, அதில் வீடியோ இருக்கலாம். இன்றைக்குப் போட்டாலும் அடுத்த வாரம் போட்டாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டி அதே தாளத்தில் அதே பக்கம்தான் திரும்பியது, கேசட் ஓடுவதுபோல. எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் கரை. அந்த மெஷினைச் சும்மா போட்டால் படத்தைச் சுற்றிப் புடவைக் கரை மாதிரி ஒரு பட்டை நிற்கும். அது சூழ்ந்த நடு இடத்தில்தான் எழுத்து வரும், பட்டைமேல் வராது. ஆனால் சில டெமோக்களில் எழுத்து அந்தக் கரைக்குள் இறங்கி ஓடியது. மெஷினுக்கே எட்டாத இடத்தில் எழுத்து எப்படி வரும்? வேறு பெட்டியிலிருந்து படம் வந்தால்தான் வரும். கேபிள்காரனுக்கு இது தெரியாதா?

வாய் விட்டுக் கேட்டேன்.

"அதாண்ணா இதுல பெரிய வித்தையே! டிவி ஒவ்வொரு கோடா மேலேந்து கீழ வரையுது, உங்களுக்குத் தெரியும். கரை ஆரம்பிக்கிற கோடு வர்ற நேரம் பாத்து, 'அந்தக் கோடு எப்பவோ தாண்டிப் போச்சு'ன்னு உள்ள படம் போடற சிப்ப நம்ப வச்சிடறாங்க. அது ஏமாந்து, கரை போடவே மறந்துடுது."

ஏமாற்றுவேலை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் டீயைக் குடித்தேன்.

அடுத்த வாரம் ஒரு யோசனையோடு போனேன். "சார், அந்த ஓடற எழுத்துல ஒரே ஒரு வார்த்தைய மாத்திக் காட்டுங்க. எங்க சேனல் பேரப் போடுங்க. போதும்." பதிவு செய்த வீடியோவாக இருந்தால் மாற்ற முடியாதே.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அது மட்டும் முடியாதுண்ணா."

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன். அடுத்தவன் செஞ்சதுல கைய வச்சு பேர மாத்தறவன இவங்க மனுஷனாவே மதிக்க மாட்டாங்க. அதவிடக் கேவலம் இதுல கிடையாது."

"யாருக்கு சார் தெரியப்போவுது? அவங்க எங்கயோ இருக்காங்க."

"எனக்குத் தெரியுமே."

நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். என்னைப் பல மத்தியானங்கள் மரியாதையாக உட்காரவைத்து ஒருவர் காது குத்தியிருக்கிறார் என்ற நினைப்பு, வேலை போகிற பயத்தை விட அதிகமாக உறுத்தியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை.

பல்லக்குக்கு முந்தின வாரம் அவரே கீழே வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். "அண்ணா, அஞ்சு நிமிஷம் மேல வாங்க. நானே ஒண்ணு செஞ்சிருக்கேன். என்னுதுல நீங்க என்ன வேணா மாத்தச் சொல்லலாம்."

போட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு நிறப்பட்டை மேலும் கீழும் போனது. கீழே தமிழ் எழுத்து, பல் போன சீப்பு மாதிரி, நொண்டி நொண்டி ஓடியது. 'டிவி கொடுத்த கேபிள் அண்ணாவுக்கு வணக்கம்' என்றிருந்தது. எனக்கு ஐஸ் வைக்கிறார் என்று உடனே தோன்றியது.

"டிவி கொடுத்த-ங்கறத எடுத்துடுங்க சார்" என்றேன். அவர் மெஷினை நிறுத்தி, ஏதோ தட்டி, மறுபடி ஓட்டினார். அந்த வார்த்தைகள் போயிருந்தன.

அதைக்கூட நான் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைத் திருப்பியது வேறு. அவரும் கரையைத் திறக்கப் பார்த்திருந்தார். எழுத்து கரைக்குள் இறங்கியது. இறங்கிய உடனே கரை வந்து அதை வெட்டியது. மறுபடி விலகியது, மறுபடி வந்து மூடியது. கதவு காற்றில் அடித்துக்கொள்வதுபோலத் துடித்தது.

"சில நேரம் பிந்திடறேன். சிப்பு முழிச்சிக்குது. ராத்திரி பகலா உக்காந்தும் சரியா வரல" என்றார். 

இத்தனை வருஷத்தில் பழுதான படம் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கேசட் தேய்ந்தால் எப்படி இருக்கும், ஒயர் லூஸானால் எப்படி இருக்கும், எல்லாம் தெரியும். இது அந்த எதுவும் இல்லை. படம் முழுக்கச் சுத்தமாக இருந்தது, அந்தக் கரை மட்டும் தவறியது. ஒரு ஆள் கணக்குப் போட்டு, நேரத்துக்குக் கை வைக்கப் பார்த்து, வைக்கமுடியாமல் தவறுகிற தவறு. இப்படிப்பட்ட ஒன்றை யாரும் பதிவுசெய்து வைத்து ஏமாற்றமாட்டார்கள். அப்படியென்றால், கரை ஆடாமல் அசையாமல் திறந்து கிடந்த அந்தப் பழைய டெமோக்களில், யாரோ பையன்கள் தவறாமல் கை வைத்திருக்கிறார்கள். "அந்தப் புள்ளி வர்றத இன்னொரு தடவ போடுங்க சார்" என்றேன்.

பல்லக்கு அன்று சாயங்காலம் மெஷினைக் கன்ட்ரோல் ரூமில் வைத்தோம். சாஃப்ட்வேர்காரர் வாசல் பக்கம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். முதல் காலி நேரம் வந்தது. முதலாளி சுவிட்ச்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லுப்பா. ரெக்கார்டிங் இல்ல?"

"இல்ல சார்."

"சத்தியமா?"

"நான் பாத்துட்டேன் சார். என் பொறுப்பு."

அப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் அழுத்தினார். மர்பி டவுன் முழுக்க நிறங்கள் ஓடின.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. போன் எடுக்கிற வேலை என்னுடையது இல்லை. ஆனால் முதலாளி என்னைத்தான் கண்ணால் காட்டினார். ஒரு அம்மா பேசினார்.

"ஏம்ப்பா, பல்லக்கு பாத்துக்கினு இருந்தோம், கலர் கலரா வருது. லைன் பூடுச்சா?"

"லைன் நல்லாத்தாம்மா இருக்கு. அது அப்படித்தான் வரும்."

"என்னா கேசட்டுப்பா அது?"

"கேசட் இல்லம்மா. இங்க ஒரு பழைய மெஷின் இருக்கு. அது இப்ப, இந்த நிமிஷம் வரையுது."

 "யாருக்குக் காது குத்தற நீ?" என்றார் அந்த அம்மா. "உன் ஓனர் இருந்தா அவர்கிட்ட குடு."

முதலாளி கையை நீட்டினார். நான் போனைக் கொடுக்கவில்லை.