இயந்திரத்தின் கண்ணில் சந்தனம்

பள்ளிக்கூட வேனை ஓட்ட வந்த இரண்டாவது மாதமே ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு என்றார்கள். சரி என்றேன். சும்மா இருந்தால் எனக்குக் கால் ஊர ஆரம்பித்துவிடும். அயோத்தியாப்பட்டணத்தில் எட்டாவதை முடிக்காமல் கிளம்பியவன் நான். போர்வெல் போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர், ராஜஸ்தான், ஒடிசா என்று அலைந்து, இடது கையில் இரண்டு விரல்களை ஒடிசாவில் விட்டுவிட்டு வந்தேன். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து ரயிலும் ஏற்றிவிட்டார். மிச்ச விரல்கள் ஸ்டியரிங்குக்குப் போதும்.

பள்ளிக்கூடம் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம். அங்கே பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ரோபோ செய்தார்கள். போட்டி இல்லாத ஞாயிறுகளில் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அங்கே இருக்கும் குழந்தைகளுக்கு அதை ஓட்டிக் காட்டுவார்கள், கழற்றிப் போடுவார்கள், திரும்ப மாட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். தம்மம்பட்டி வரைக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். காசு கிடையாது. மதியச் சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்கள், எனக்கும் சேர்த்து.

அவர்களுக்குத் தலைவி ஒரு பிளஸ் டூ பெண். ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம் அவளுக்கு. சேலத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அந்த வருடம் பள்ளிக்கு ஒரு புதுப் பெட்டி வந்திருந்தது. மோட்டார், சக்கரம், ஒயர், சென்சார் எல்லாம் உள்ளே வைத்துச் சீல் வைத்த பெட்டி. எந்த ஊரில் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்த நிலையான இடம் கிடைக்கிறதோ அந்த ஊருக்கு அது சொந்தம். சேலத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இடம் தரத் தயாராக இருந்தது. இவள் தன் ஊருக்குத்தான் வேண்டும் என்று நின்றாள். அவளுடைய தங்கை ஏழாவது படிக்கிறாள். அவளையும் அந்த வயதுப் பெண்களையும் ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்துக்குக்கூட யாரும் அனுப்பமாட்டார்கள். வகுப்பு ஊருக்குள் வந்தால்தான் உண்டு. ரோபோ அணியைப் பார்த்துக்கொள்ளும் சார் ஒரு ஞாயிறு அவகாசம் கொடுத்தார். அதற்குள் இடம் பேசி முடிக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி சேலத்துக்கு. அதுவரை பெட்டியின் சீலைத் தொடக்கூடாது.

அந்த ஞாயிறு சாருக்குக் காய்ச்சல். பெரியவன் என்று நான் மட்டும்தான் கூடப் போனேன்.

ஊரில் வகுப்புக்கு ஏற்ற கட்டடம் ஒன்றுதான், பால் சொசைட்டி. அதன் தலைவர் ஒரு காலத்தில் இரண்டு ரிக் வைத்திருந்தவர். இப்போது மாடும் தோட்டமும். என் கையைப் பார்த்ததும் எந்த ரிக் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப்பின் எனக்கு ஒரு நாற்காலி வந்தது. ஆனால் இடம் விஷயத்தில் அவர் பிடி கொடுக்கவில்லை. முன்பு ஒரு கூட்டம் தையல் வகுப்பு நடத்துகிறோம் என்று வந்ததாம். இரண்டு வாரம் நடத்தினார்கள், ஃபேனை எரித்தார்கள், பிறகு ஆளைக் காணோம். அதற்கப்புறம் கண் பரிசோதனை, யோகா என்று யார் யாரோ வந்து போனார்களாம். போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் யாரும் மறக்கவில்லை என்றார்.

“மொதல்ல மிஷினை ஓட்டிக் காட்டுங்க அம்முணி. பாத்துட்டுச் சொல்றேன்.”

காலைப் பால் ஊற்ற வந்தவர்கள் போசிப் பாத்திரங்களோடு வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் ரோபோவைத் தரையில் வைத்தார்கள். ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். முன்பக்கம் வட்டமாக இரண்டு கண்கள். ஒரு கண் சத்தத்தை அனுப்பும், மற்றது அது எதிரில் பட்டுத் திரும்புவதைக் கேட்கும். எதிரில் சுவரோ ஆளோ இருந்தால் நின்று திரும்பிக்கொள்ளும். எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன், ஒருமுறையும் தவறியதில்லை.

ஓட்டப் போகும் நேரத்தில் தலைவர் கையை உயர்த்தினார். புது மிஷின் ஊருக்குள் வந்திருக்கிறது, பூஜை போடாமல் எப்படி ஓட்டுவது? ரிக்காரர் வேறெப்படிக் கேட்பார்? எனக்கும் அது சரியாகவே பட்டது. நான் இருந்த ரிக்குகளில் பூஜை போடாமல் ஒரு அடிகூடத் துளை இறக்கியதில்லை. உள்ளே சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனமும் குங்குமமும் வந்தன. எலுமிச்சம்பழம் வந்தபோதுதான் சிக்கல். சக்கரத்தைவிடப் பழம் பெரிதாக இருந்தது. அதன்மேல் ஏற்றினால் வண்டி கவிழ்ந்துவிடும். தலைவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பழத்தைத் துண்டாக நறுக்கிச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். பிறகு லாரிக்கு வைக்கிற மாதிரியே முகத்தில் சந்தனம் வைத்தார். முகம் என்றால் அதில் கண்தான் இருந்தது. இரண்டு கண்ணிலும் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, நடுவில் குங்குமமும் இட்டார். கற்பூரம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டோம்.

ரோபோ கிளம்பியது. எலுமிச்சைத் துண்டை நசுக்கிக்கொண்டு நேராகப் போனது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வரிசையில் ஒரு அம்மா கீழே வைத்திருந்த பால் போசியில் போய் முட்டி, அதைச் சாய்த்துவிட்டு, பாலுக்குள்ளேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

“இதுக்குக் கண்ணு வேற இருக்குதுன்னீங்க,” என்றார் வரிசையில் ஒருத்தர். “எங்கூட்டு எருமைக்குப் பொறவாலயும் கண்ணு தெரியுமுங்க.”

சிரிப்பு எழுந்தது. பால் போன அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நல்ல காரியம் பேசும்போது பால் கொட்டினால் விளங்காது என்றார். தலைவர் முகமும் மாறியது. சகுனம் சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். இன்னொரு நாள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். வந்ததும் முதலில் சொன்னதே அதுதான்.

ஜரிகை வேலை செய்யும் வீட்டுப் பையன் ஒருவன் அணியில் இருந்தான், சேலத்தான், வாய் நிற்காது. எல்லாம் அவர் வைத்த சந்தனத்தால் என்று சொல்ல வாயைத் திறந்தான். எங்கள் தலைவி ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். அத்தனை பேர் முன்னால் தலைவர் போட்ட பூஜையால்தான் மிஷின் கெட்டது என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் ஒரு திண்ணைமேல்கூட வகுப்பு நடத்த முடியாது. அவள் முதலில் அந்த அம்மாவிடம் போய், தன் வீட்டில் கறந்த பாலிலிருந்து ஊற்றித் தருவதாகச் சொல்லி, அங்கே வந்து நின்றிருந்த தங்கையை வீட்டுக்கு ஓடவிட்டாள். பிறகு ஈரத்துணியால் ரோபோவின் கண்ணைத் துடைத்தாள். சந்தனம் கண்ணை மூடியிருந்த கம்பி வலைக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஊசியால் நோண்டியும் வரவில்லை. மாற்றுக் கண் கொண்டு வந்திருக்கவில்லை. இருந்தது சீல் வைத்த பெட்டிக்குள்தான்.

அவள் வேனுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். சார் என்ன சொன்னார் என்று மற்றவர்கள் நினைவுபடுத்தினார்கள். பிரித்தபின் இடம் கிடைக்காவிட்டால் சேலத்துப் பள்ளிக்கு உடைத்த பெட்டியையா கொடுப்பது என்று அந்தப் பையன் கேட்டான். நானும் சாருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றேன்.

“கேட்டா வேண்டாம்பாருங்ண்ணா,” என்றாள். “நானே பிரிக்கறேன். நானே பதில் சொல்லிக்கிறேன்.”

பெட்டியின் சீலைக் கிழித்தாள். பால் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ரோபோவை அதன்மேல் வைத்துப் பழைய கண்ணைக் கழற்றி, புதியதை மாட்டி, ஒயர் ஒயராகச் சொருகினாள். அவசரப்படவில்லை. பால் ஊற்றி முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் சுற்றி நின்றார்கள். எருமைக்காரர் வெளிச்சத்தை மறைப்பவர்களை விலகச் சொல்ல ஆரம்பித்தார். தலைவர் தள்ளி நின்றார், ஆனால் போகவில்லை.

கீழே இறக்கி வைத்ததும் அவர் மறுபடி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். திரும்ப ஓட்டுவதென்றால் திரும்பப் பொட்டு வைக்க வேண்டும், அவர் வழக்கம் அது. அவள் இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“பெரியப்பா, பொட்ட இங்க வெச்சுருங்க,” என்று பின்னால் பேட்டரிப் பெட்டியைக் காட்டினாள். “லாரிக்குக் கண்ணாடி மேல வைக்கமாட்டீங்கல்ல? டிரைவருக்கு ரோடு தெரியோணுமில்லீங்க. இதுக்கு டிரைவரே இந்தக் கண்ணுதானுங்க.”

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், தரையில் காய்ந்துகொண்டிருந்த பாலைப் பார்த்தார். புரிந்துவிட்டது. குனிந்து பேட்டரிப் பெட்டியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

இந்த முறை அது போசிக்கு ஒரு சாண் முன்னால் நின்று திரும்பியது. அந்த அம்மா நம்பாமல் போசியை எடுத்து அது திரும்பிய பக்கம் வைத்தார். அங்கேயும் நின்றது.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ பன்னெண்டாவது முடிச்சா காலேஜுக்குப் போயிருவ. அப்பறம் யாரு வருவா?”

“வருசம் முடியறதுக்குள்ள இங்க நாலு பேரத் தயார் பண்ணிர்றேனுங்க. அவங்க இந்த ஊர உட்டு எங்கீங்க போறாங்க?”

“இடம் தர்லைன்னா என்ன பண்ணுவ?”

“எங்கூட்டுக் களத்துல வெச்சுச் சொல்லிக் குடுப்பேனுங்க. மழை வந்தா பொட்டி நனையும். அதான் கேக்கறேன்.”

அவர் கிழிந்த சீல் தாளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “பொட்டியத் தொறந்துட்ட. இனி இத எவன் வாங்குவான்?” என்றார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கூடத்தைத் தரமாட்டேன், பின்னால் தீவன மூட்டை அடுக்கும் அறை இருக்கிறது, நீங்களே காலி செய்துகொள்ளுங்கள் என்றார். பால் ஊற்றி முடிந்த பிறகுதான் திறப்பேன், ஒரு ஞாயிறு வராவிட்டாலும் பூட்டிவிடுவேன் என்றார்.

அன்று மதியம் வரை மூட்டை தூக்கினோம். தவிட்டுத் தூசியில் அந்தச் சேலத்துப் பையன் தும்மித் தும்மி ஓய்ந்தான். கொஞ்ச நேரமாவது வாய் மூடியிருந்தான். ஊர்ப் பெண் குழந்தைகள் விளக்குமாறோடு வந்தார்கள். அவள் தங்கை யார் எந்த மூலை என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குத் தவிடு ஒட்டியிருந்தது.

எல்லாம் முடிந்து அவள் சாருக்குப் போன் செய்தாள். பெட்டியைப் பிரித்ததைத்தான் முதலில் சொன்னாள். இடம் கிடைத்ததை அப்புறம்தான் சொன்னாள். அவர் நன்றாகத் திட்டினார் என்பது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. திட்டி முடித்து, அறையில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டார். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பல்புகூட இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் போடாமல் வகுப்பு நடக்காது.

தலைவர் அப்போதுதான் சாப்பிட வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவள் தொட்டியில் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, பிளக் பாயிண்ட் கேட்க அவர் பின்னாலேயே போனாள்.